கவலைப்பட ஒன்றுமில்லை என்று வந்த கடிதம்

டேப் ரெக்கார்டர் எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜின் மேல் இருக்கும். ஷீலாவின் கைக்கு எட்டாத ஒரே இடம் அதுதான்.

ஒரு சனிக்கிழமை காலை. அபார்ட்மெண்டின் பொதுச் சலவை அறையிலிருந்து எடுத்து வந்த துணிகளைத் தரையில் கொட்டி மடித்துக்கொண்டிருந்தேன். டிரையரின் சூடு துண்டுகளில் இன்னும் இருந்தது. என் கணவர் ஸ்டீபன் சிங்க்கில் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வயது ஷீலா மேசைக்கடியில் படுத்து ஒரு நாய்க்கு ஆறு கால் வரைந்துகொண்டிருந்தாள்.

ஃபிரிட்ஜின் மேலிருந்து என் அப்பா பேசினார்.

“...அந்தப் பம்பு மறுபடியும் மக்கர் பண்ணுது. மெக்கானிக்கு நாளைக்கு வாரேன், நாளைக்கு வாரேங்கான். நானும் விடல. அவன் வீட்டு வாசல்லயே போய் உக்காந்துட்டேன் பாத்துக்க...”

ஷீலா பென்சிலை நிறுத்தினாள்.

“மம்மி, தாத்தா இஸ் விஸ்லிங் அகெய்ன்.”

நான் மடித்துக்கொண்டிருந்த தலையணை உறையைக் கீழே வைத்தேன். அவள் சொன்ன கடைசிச் சொல்தான் என்னை எழுப்பிவிட்டது. மறுபடியும்.

தேதியில்லாத குரல்

அப்பாவுக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று விழுந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ‘ச’ வரும் இடத்திலெல்லாம் ஒரு சிறு சீழ்க்கை. ஜனவரியில் பல் செட் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த இரண்டு கேசட்டுகளிலும் சீழ்க்கை இல்லை. ஷீலாவுக்கு அதில் வருத்தம்கூட.

இது மே மாதம் வந்த கேசட். சீழ்க்கை திரும்பியிருந்தது.

கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி, தொடக்கத்திலிருந்து கேட்டேன். பாளையங்கோட்டையில் சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவர் என் அப்பா. பத்திரம் எழுதுவதுபோலத்தான் கேசட்டிலும் தொடங்குவார். முதலில் தேதி, பிறகு கிழமை, பிறகு நேரம், பிறகுதான் “அன்புள்ள ஜெயாவுக்கு”. இதில் அது எதுவும் இல்லை. ஒரு ‘டக்’ சத்தம், உடனே பம்பு.

நான் அமெரிக்காவுக்கு வருமுன் மதுரையில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் உதவி ஆசிரியராக இருந்தேன். இந்தத் தொடரில் சென்ற வாரங்களில் அந்த அலுவலகத்தைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. ஒன்று மட்டும் இங்கே. பக்கத்தில் இடம் காலியாக நின்றால், என்றோ அச்சுக் கோத்து வைத்த பழைய செய்தியை எடுத்துப் போடுவோம். போடுமுன் அதன் தலையிலிருக்கும் தேதியை நீக்கிவிடுவோம். வாசகருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

“ஏங்க, இது பழைய டேப்பு” என்றேன்.

ஸ்டீபன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “பல் செட்ட கழட்டி வச்சிட்டுப் பேசியிருப்பாரு. நீ எல்லாத்தையும் எடிட் பண்ணாத ஜெயா.”

“தேதியையும் கழட்டி வச்சிட்டாவளா?”

அவர் எட்டி ரெக்கார்டரை நிறுத்தினார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை செய்யும் ஃபோனில், அதற்கு முந்தைய இரண்டு தடவையும் அப்பா கிடைக்கவில்லை என்பது அவருக்கும் நினைவு வந்திருக்கும். ஒரு தடவை குளித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை பஜாருக்குப் போயிருந்தார்.

இரண்டு பதிப்புகள்

அந்தக் காலத்தில் கேசட் தபாலில் வராது. ஊருக்குப் போய்வரும் யாராவது கொண்டுவருவார்கள். கலிஃபோர்னியாவில் நாங்கள் இருந்த சன்னிவேலிலிருந்து யார் கிளம்பினாலும் ஒரு மாதம் முன்பே செய்தி பரவிவிடும். ஆளாளுக்கு ஒரு பொட்டலத்துடன் போய் நிற்போம். வைட்டமின் மாத்திரையும் பாதாமும் போகும். கருவடாமும் கேசட்டும் வரும். பக்கத்து ஊர் ஃப்ரீமான்டில் ஓர் ஆன்ட்டி வீட்டு வரவேற்பறையில் பெயர் எழுதிய பொட்டலங்கள் எப்போதும் வரிசையாக இருக்கும். இந்தக் கேசட்டும் அங்கேதான் எனக்காகக் காத்திருந்தது.

இப்படிப் போகும் வரும் சேதிகளுக்கு எழுதாத விதி ஒன்று உண்டு. நல்லது நடந்தால் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். கெட்டது நடந்தால் எல்லாம் முடிந்து, சரியான பிறகு சொல்ல வேண்டும். எங்கள் நாளிதழில் நகரப் பதிப்பு, வெளியூர்ப் பதிப்பு என்று இரண்டு உண்டு. குடும்பங்களிலும் அப்படித்தான்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? எனக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்ததை நான்கு மாதம் கழித்துத்தான் வீட்டுக்குச் சொன்னேன். மருத்துவமனையில் படுத்திருந்த வாரம் நான் அனுப்பிய கேசட்டில், எங்கள் தெருவில் பூத்திருந்த செர்ரி மரங்களைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறேன். மருத்துவமனை ஜன்னலிலிருந்து தெரிந்தது கார் நிறுத்துமிடம்.

ஆகவே எனக்கு இந்த விளையாட்டின் இரண்டு பக்கமும் தெரியும்.

ஞாயிறு காலை ஏழு மணி

எங்களுக்குக் காலை ஏழு, அவர்களுக்கு இரவு ஏழரை. தம்பி சாம் எடுத்தான். உரக் கம்பெனியில் வேலை. பெற்றோருடன் இருந்தான்.

“அக்காவா? என்ன, கேசட்டு வந்துச்சா?”

“வந்துச்சு. அப்பாவக் குடு.”

“அப்பா சர்ச்சுக்குப் போயிருக்காவ.”

“அம்மா?”

“அம்மா இங்கதான். கருவாட்டுக் கொழம்பு வைக்கா. மணம் அமெரிக்கா வரைக்கும் வரலியா?”

“அம்மா இல்லாம அப்பா மட்டும் சர்ச்சுக்குப் போனாவளா?”

சாம் இருமினான். என் பெற்றோர் கல்யாணமான நாளிலிருந்து தேவாலயத்துக்குத் தனித்தனியே போனதில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் அப்பாவும் போகமாட்டார்.

“எல சாம், அந்தக் கேசட்டு எப்பப் பதிஞ்சது?”

“போன வாரம்தாம்.”

“பல் செட்டு?”

“அது... கழட்டி வச்சிட்டுப் பேசுனாவ.”

“மெக்கானிக்கு வந்தானா?”

“எந்த மெக்கானிக்கு?”

“போன வாரம் அப்பா யாரு வீட்டு வாசல்ல போய் உக்காந்தாவளோ, அந்த மெக்கானிக்கு.”

சாம் மறுபடியும் இருமினான். பிறகு அம்மாவின் குரல், சற்றுத் தள்ளி: “நான் சொன்னம்லா, அவ கண்டுபிடிச்சிருவான்னு. இங்க தா.”

அம்மா ஃபோனை வாங்கினாள்.

“ஏட்டி ஜெயா, ஒண்ணுங் கவலப்படாத. அப்பாவுக்கு லேசா ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு. பேச்சுதான் வரல. மத்தபடி நல்லாருக்காவ.”

“எப்பம்மா?”

“குருத்தோலை ஞாயித்துக்கு முந்துன வாரம்.”

ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறு அது. விரல்விட்டு எண்ணினேன். ஏழு வாரம். அப்பா போன நவம்பரில் பதிந்து, கொண்டுவர ஆள் கிடைக்காமல் பீரோவில் கிடந்த கேசட்டை எடுத்து, தொடக்கத்தில் தேதியையும் நடுவில் மழை வந்த இடத்தையும் அழித்து அனுப்பியிருக்கிறான் சாம். என் பத்திரிகையில் இருந்திருந்தால் நல்ல பக்க வடிவமைப்பாளனாக வந்திருப்பான்.

“நான் வாரேன்” என்றேன்.

“எதுக்கு? இப்ப வந்து என்ன செய்யப்போற? அங்க ஒன் பேப்பரு வேலையெல்லாம் கெட்டுப்போயிரும்னு சாம் சொல்லுதான்.”

அது பொய்யல்ல. கிரீன் கார்டுக்கு மனுப் போட்டு, வரிசையில் இரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்தோம். மனு நிலுவையில் இருக்கும்போது முன் அனுமதித் தாள் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனால், மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். திரும்பி வர முடியுமா என்பதற்கே உறுதியில்லை. கணவரும் குழந்தையும் இங்கே, நான் அங்கே.

“அந்தப் பேப்பர் கெடைக்க மூணு மாசம் ஆகும்னு லாயர் சொல்லுவாரு” என்றார் ஸ்டீபன். “பேப்பர் இல்லாம கிளம்பிடாத ஜெயா, ப்ளீஸ்.”

“பேப்பர் இல்லாம போகல. ஆனா மூணு மாசமும் காத்திருக்கப் போறதில்ல.”

முதல் ஃபாக்ஸ்

திங்கட்கிழமை காலை ஸ்டீபனின் கம்பெனி வழக்கறிஞரிடம் நானே பேசினேன். அவசர காரணம் இருந்தால், சான் ஹோசேயிலுள்ள இமிக்ரேஷன் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்கலாம், அன்றைக்கே தரவும் கூடும் என்றார். ஒரே நிபந்தனை. மருத்துவரின் கடிதம் வேண்டும். நோய் என்ன, எவ்வளவு ஆபத்து, நான் ஏன் இப்போதே போக வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

சாமிடம் இதை மூன்று தடவை சொன்னேன். திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.

புதன்கிழமை ஸ்டீபன் தன் அலுவலகத்துக்கு வந்த ஃபாக்ஸை மடித்துப் பையில் வைத்துக் கொண்டுவந்தார். முகத்தைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. எங்கள் குடும்ப மருத்துவர், நான் அங்கிள் என்று அழைக்கும் ஆபிரகாம் டாக்டர், தன் பெயர் அச்சிட்ட தாளில் அழகான கையெழுத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தமிழில் சொன்னால் இப்படி:

நோயாளிக்குச் சிறிய அளவில் பக்கவாதம் ஏற்பட்டது. நன்கு தேறிவருகிறார். வெளிநாட்டில் இருக்கும் மகள் கவலைப்பட ஒன்றுமில்லை. பயணம் அவசியமில்லை.

அடியில் கையொப்பம், முத்திரை, பதிவு எண். ஒன்றுகூடக் குறையவில்லை.

“இத எடுத்துட்டுப் போனா அந்த ஆபீசரே உனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிருவாரு” என்றார் ஸ்டீபன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

கேள்விகள்

மறுநாள் காலை ஷீலாவைப் பள்ளியில் விடுமுன் டாக்டரின் கிளினிக்குக்கு ஃபோன் செய்தேன். அங்கே மாலைக் கூட்டம். பின்னால் யாரோ குழந்தை ஊசிக்கு அழுதுகொண்டிருந்தது.

“அங்கிள், அது எனக்கு எழுதுன லெட்டர் இல்ல. ஒரு ஆபீசருக்கு எழுதுன லெட்டர்.”

“அது தெரியும்மா. ஆனா நீயும் படிப்பல்லா?”

ஒரு பென்சிலைத் தேடி எடுத்தேன்.

“ஒங்கம்மா வேற வந்து நின்னுக்கிட்டு, ‘பிள்ள தனியா கெடக்கா, பயப்படாத மாதிரி எழுதுங்க டாக்டர்’ங்கா. நான் என்ன செய்ய?”

“அங்கிள், நான் கேள்வி கேக்கேன். நீங்க பதில் மட்டும் சொல்லுங்க.”

நோட்டை எடுத்துவைத்துக்கொண்டேன். வலது கை? அசையவில்லை. வலது கால்? நிற்க முடியாது. பேச்சு? ஒன்றிரண்டு ஒலிகள்தான், சொல்வது புரிகிறது. சாப்பாடு? கஞ்சி மட்டும், அதுவும் புரையேறுகிறது. முன்பே வந்திருக்கிறதா? மருத்துவர் தயங்கினார். வந்திருக்கிறது, போன வருடம், சின்னதாக. அதையும் எனக்குச் சொல்லவில்லை.

“இன்னொண்ணு வந்தா?”

குழந்தையின் அழுகை நின்றிருந்தது. டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னது கேட்டது.

“வந்தா தாங்கமாட்டாரு ஜெயா.”

“வருமா?”

“எப்ப வேணும்னாலும் வரலாம். இந்த மாசமே வரலாம்.”

“அத எழுதுங்க அங்கிள்.”

“எழுதத்தான் வேணுமா?”

“அத மட்டும் எழுதுனாலும் போதும்.”

குறித்துக்கொண்டதை அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் திருத்தினார். பிறகு, “நீ இவ்வளவு நிதானமாப் பேசுத. கெட்டிக்காரிதான்” என்றார். நான் நிதானமாக இல்லை. பென்சிலின் முனை தாளை இரண்டு இடத்தில் கிழித்திருந்தது.

இரண்டாவது ஃபாக்ஸ் வெள்ளிக்கிழமை வந்தது. பாதிப் பக்கம்தான். நான்கு முறை படித்தேன். பிழை பார்ப்பதற்காக அல்ல. ஏழு வாரமாக எல்லோருக்கும் தெரிந்திருந்த என் அப்பாவை எனக்கு அந்தத் தாளில்தான் முதன்முதலில் காட்டினார்கள்.

சான் ஹோசேயில்

திங்கட்கிழமை விடியற்காலையிலேயே வரிசை கட்டடத்தைச் சுற்றி வந்திருந்தது. எனக்கு முன்னால் ஒரு சீனக் குடும்பம் மடக்கு நாற்காலியுடன் வந்திருந்தது. பின்னால் நின்ற பஞ்சாபிப் பெரியவர் எனக்கு ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். என் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை.

பதினோரு மணிக்கு ஜன்னலருகே போனேன். அதிகாரி ஒரு நடுவயதுப் பெண். கடிதத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். ‘இந்த மாதமே’ என்ற இடத்தின் கீழ் பேனாவால் கோடு போட்டார். என் குழந்தை யாரிடம் இருக்கும் என்றார், எப்போது திரும்புவேன் என்றார். சொன்னேன். புகைப்படங்களை வாங்கிக்கொண்டு, மூன்று மணிக்கு வரச் சொன்னார்.

மூன்று மணிக்கு என் படம் ஒட்டி முத்திரை குத்திய தாள் தயாராக இருந்தது. வெளியே வந்து ஸ்டீபனின் காரில் ஏறி, பெல்ட் போட்ட பிறகுதான் அழுதேன். அவர் ஃப்ரீவேயில் ஏறாமல் சிறு தெருக்கள் வழியாகவே வீடுவரை ஓட்டிவந்தார்.

முன்னறையில்

திருநெல்வேலி ஜங்ஷனில் சாம் நின்றிருந்தான். என் பெட்டியை வாங்கியதும் முதல் வார்த்தை, “அப்பா நல்லாருக்காவக்கா.”

“எல!”

“சரி சரி. நல்லால்ல.”

முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். கடிதத்தில் இருந்ததெல்லாம் அப்படியே இருந்தது. முகம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை. காபி ஆறிப்போய் அம்மா வேறு காபி கொண்டுவரும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். வாய் பலதடவை திறந்து மூடியது. ஒலி வந்தது, சொல் வரவில்லை.

இரண்டு நாளில் இன்னொன்றும் கவனித்தேன். இந்த வீட்டில் வெளியூர்ப் பதிப்பு எனக்கு மட்டும் போகவில்லை. அப்பாவுக்கும் அதுதான். “லேசா பிரஷர் ஏறிட்டு, அவ்வளவுதாம்” என்றாள் அம்மா. “நாளைக்கு எந்திச்சி நடப்பீங்க பாருங்க” என்றார்கள் வந்தவர்களெல்லாம். எட்டு வாரமாக அந்த ‘நாளைக்கு’ தள்ளிக்கொண்டே போனது.

தினமும் பத்து மணிக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஒரு பெண் வருவாள். பெயர் ராஜாத்தி. அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். “தூங்குதாவ” என்பாள் அம்மா. ராஜாத்தி கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விடுவாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஸ்டீபனின் ஃபோன் வந்தது. ஃபோன் முன்னறையில், கட்டிலுக்கு இரண்டடி தள்ளி இருந்தது.

“மாமா எப்படி இருக்காங்க ஜெயா?”

சமையலறை வாசலில் நின்று அம்மா கையை ஆட்டினாள். நல்லாருக்காவன்னு சொல்லு, சொல்லு. சாமும் தலையசைத்தான். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

நான் கட்டிலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

“வலது கையும் காலும் வேல செய்யல. பக்கவாதம், ரெண்டாவது தடவ வந்தது. மூளையில பேச்சு இருக்குத இடத்துல அடைச்சிருக்கு. நாம சொல்லுதது எல்லாம் புரியும்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“கை வரும்னு சொல்ல முடியாதாம். காலு வரலாம். தினமும் பயிற்சி செஞ்சா குச்சி ஊனி நடக்கலாம். முதல் மூணு மாசத்துலதான் வருமாம். அதுக்குள்ள செய்யலன்னா கடினம். ரெண்டு மாசம் போயிட்டு. அப்பா இன்னும் ஒரு நாள்கூடச் செய்யல. எதுக்குன்னு யாரும் அவங்ககிட்டச் சொல்லல.”

ஸ்டீபன் ஏதோ கேட்டார். எனக்குக் காதில் விழவில்லை. அப்பா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பியிருந்தார். கோபமா, பயமா என்று சொல்ல முடியவில்லை. பாதி முகத்தில் படிப்பது எனக்கு இன்னும் பழகியிருக்கவில்லை. முதலில் அம்மாவைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னை.

ஃபோனை வைத்தேன். அம்மா சமையலறைக்குள் போய், “இவளுக்கு என்ன கல்லு மனசோ” என்று அடுப்பிடம் சொன்னாள்.

பத்து மணிக்கு வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். அம்மா வழக்கம்போல, “தூங்குதாவ” என்று சொல்லிக்கொண்டே கையைத் துடைத்தபடி வந்தாள்.

அப்பா தூங்கவில்லை. இடது காலால் போர்வையை உதைத்துத் தரையில் தள்ளியிருந்தார். இடது கையால் வலது முழங்காலைப் பிடித்து, கட்டிலின் விளிம்புவரை இழுத்து வைத்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

ராஜாத்தி பையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் காலருகே மண்டியிட்டாள்.